எலும்பு தேய்மானம் என்று எதைச் சொல்கிறோம்?

அம்மாவுக்கு 63 வயதில் முட்டி வலி வந்தது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்துவிட்டு, "எலும்பு தேய்மானம்தான்மா, வயசானா வர்றதுதான்" என்றார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு முடிவு எடுத்தார். எலும்பு தேய்கிறதென்றால் உடம்பில் கால்சியம் குறைந்திருக்க வேண்டும், அதனால் மாத்திரை. தேய்கிற பொருளை அதிகம் புழங்கக் கூடாது, அதனால் சாயங்கால நடைக்கு முழுக்கு. ஆறு மாதம் கழித்து வலி கூடியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, மாடி ஏறினார்.

இதில் அம்மாவின் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு முடிவும் 'தேய்மானம்' என்ற அந்த ஒரு சொல்லிலிருந்து நேராக வந்தவை. நம் ஊரில் இந்தப் பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் உலவுகின்றன. ஒன்று எலும்புக்கு உள்ளே நடப்பது. மற்றது எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் நடப்பது. போதாததற்கு 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு', 'மூட்டுல பசை வத்திப்போச்சு' என்று வேறு சொல்கிறோம். எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க, முதலில் எலும்பைப் பார்க்க வேண்டும்.

எலும்பு எதனால் ஆனது?

சாப்பிட்டு முடித்த கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, வினிகரில் ஒரு வாரம் ஊறப் போடுங்கள். வினிகரை நடுவில் ஒருமுறை மாற்றினால் நல்லது. எடுத்துப் பார்த்தால் எலும்பு அதே வடிவத்தில் இருக்கும். ஆனால் ரப்பர் மாதிரி வளையும். எலும்பில் இருந்த சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாதுவை, அமிலம் கரைத்துவிட்டது. மிஞ்சி இருப்பது கொலாஜன் என்ற புரத நார்.

இதற்கு நேர் எதிரானதைச் சுடுகாட்டில் பார்க்கலாம். எரியூட்டிய மறுநாள் அஸ்தி பொறுக்கப் போனவர்களுக்குத் தெரியும். சாம்பலுக்கு நடுவே எலும்பு வெள்ளையாக, வடிவம் மாறாமல் கிடக்கும். எடுத்தால் விரலுக்கிடையில் நொறுங்கும். அங்கே நார் எரிந்துபோய், தாது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உயிரோடிருக்கும் எலும்பில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. வீட்டுத் தூணில் கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்திருப்பது போல. கான்கிரீட் பாரத்தைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். கம்பி இழுப்பைத் தாங்கும். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. மீதி பெரும்பாலும் கொலாஜனும் தண்ணீரும். ஆகவே எலும்பு என்றதும் கால்சியத்தை மட்டும் நினைப்பது, தூணைக் கட்ட சிமெண்டு மூட்டையை மட்டும் எண்ணுவது மாதிரி. புரதமும் வேண்டும்.

நல்லி எலும்பு சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளமைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வெளியே கெட்டியான ஓடு, நடுவே குழல், குழலுக்குள் கொழுகொழுவென்று மஜ்ஜை. அதே எலும்பின் முனையை வெட்டிப் பார்த்தால் அங்கே குழல் இருக்காது, தேன்கூடு போல நுண்ணிய சல்லடை இருக்கும். இதற்குப் பஞ்சு எலும்பு என்று பெயர். பெயர்தான் பஞ்சு, தொட்டால் கடினம். மனிதர்களிலும் இதே அமைப்புதான். பெரியவர்களின் இடுப்பு எலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் சிவப்பு மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் பிறக்கின்றன. சிவப்பணு மட்டுமே நொடிக்குச் சுமார் 20 லட்சம்.

எலும்பு ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிறது

பாடப்புத்தகத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, எலும்பு என்றால் காய்ந்த குச்சி என்ற எண்ணம் நமக்குள் பதிந்துவிட்டது. உண்மையில் எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. அங்கே இரண்டு வகை உயிரணுக்கள் இரவு பகலாக வேலை பார்க்கின்றன. ஒரு வகை பழைய எலும்பைக் கரைத்துக் குழி தோண்டும். இதன் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். இன்னொரு வகை அந்தக் குழியில் புது எலும்பை இடும், இது ஆஸ்டியோபிளாஸ்ட். இனி இவற்றை இடிப்பவை, கட்டுபவை என்றே சொல்கிறேன்.

ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆள் ஏறி, உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டுப் புது ஓடு போடுவார். வீடு பழையதுதான், ஆனால் பத்து இருபது வருஷத்தில் கூரையில் பழைய ஓடு ஒன்றுகூட இருக்காது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. ஓரிடத்தை இடிக்க இரண்டு மூன்று வாரம் போதும். அதைத் திரும்பக் கட்ட மூன்று நான்கு மாதம் ஆகும். இந்த வேக வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதற்காக இந்த ஓயாத வேலை? நடக்கும்போதும் தூக்கும்போதும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அவற்றைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் ரத்தத்தில் கால்சியம் ஓர் அளவுக்குக் குறையவே கூடாது. சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எலும்பு தன்மேல் விழும் பாரத்தை உணர்கிறது. பாரம் விழும் இடத்தில் கெட்டியாகிறது, விழாத இடத்தில் மெலிகிறது. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளி நிலையத்தில் உடல் எடையே தெரியாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறது. அங்கே தினமும் உடற்பயிற்சி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் இதே கதிதான்.

எலும்பு முறிந்தாலும் ஒட்டவைப்பது இந்த வேலையாட்கள்தான். மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைக்காது. எலும்பை நேராக, அசையாமல் வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், பிறகு குருத்து போன்ற மென்மையான பாலம் வளரும், அது எலும்பாக மாறும், கடைசியில் இடிப்பவையும் கட்டுபவையும் வந்து அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். எந்தக் கட்டாக இருந்தாலும், விரல்கள் நீலம் பாரிக்கவோ மரத்துப்போகவோ தொடங்கினால் அது இறுகிவிட்டது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடிப்பவை முந்தும்போது

சுமார் 30 வயது வரை கட்டுவது முந்தும். பிறகு சில காலம் இரண்டும் சரிசமமாக ஓடும். அதன்பின் இடிப்பது மெல்ல முந்தத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் இந்த வேகம் திடீரென்று கூடுகிறது. இடிப்பவைகளுக்குக் கடிவாளம் போட்டுவந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்துபோவதே காரணம். கட்டுவதற்கு மாதக்கணக்கு ஆகும் என்று பார்த்தோமே. ஆங்காங்கே தோண்டிய குழிகள் நிரம்பாமல் நின்றுவிடுகின்றன. பஞ்சு எலும்பின் சல்லடைக் கம்பிகள் மெலிந்து, ஒன்றிரண்டு அறுந்தும் போகின்றன. இதுதான் எலும்புப்புரை நோய்.

இந்த நோய் வலிக்காது. பலர் இதை நம்புவதே இல்லை. எலும்பு முறிகிற நாள் வரை எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். குளியலறையில் லேசாக வழுக்கி விழுவார்கள், மணிக்கட்டோ இடுப்போ முறிந்துவிடும். முதுகெலும்புகள் விழாமலே கூட உள்ளுக்குள் அமுங்கும். பாட்டிகள் வருஷத்துக்கு வருஷம் குள்ளமாகிக் கூன் விழுவதில் பெரும்பகுதி இதுதான். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரிவதற்குள் எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடிக்க டெக்ஸா ஸ்கேன் என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது.

கால்சியம், வைட்டமின் டி, புரதம், பாரம் தாங்கும் உடற்பயிற்சி ஆகியவற்றுக்கெல்லாம் இங்கேதான் முக்கிய வேலை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் சுமார் 120. கால்சியம் குடலிலிருந்து ஒழுங்காக உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் ஏராளமானவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை திரட்டிக்கொள்வோம். எலும்பு தாதுவும் நாரும் சேர்ந்தது. அது ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிறது. இடிப்பது முந்தினால் எலும்பு உள்ளுக்குள் மெலியும், அது எலும்புப்புரை. இங்கே மூட்டுக்கு எதுவும் ஆகவில்லை. அம்மாவின் முட்டி வலி இதனால் வந்ததில்லை.

மூட்டு என்பது எலும்புகள் சந்திக்கும் இடம்

மூட்டு என்றதும் மடங்குவது என்று நினைக்கிறோம். மண்டை ஓட்டின் எலும்புகள் ரம்பப் பற்கள் போலக் கோத்துக்கொண்டிருக்கும் கோடுகளும் மூட்டுகள்தான், ஆனால் அசையாதவை. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கும் மூட்டுதான், கொஞ்சம் மட்டும் அசையும். நாம் சாதாரணமாக மூட்டு என்று சொல்பவை மூன்றாவது வகை, தாராளமாக அசைபவை.

இவற்றின் வடிவங்களைப் பார்த்தால் பழைய வீடு ஒன்றைச் சுற்றிப் பார்ப்பது போலிருக்கும். இடுப்பு மூட்டு ஓர் ஆட்டுரல். தொடை எலும்பின் உருண்டைத் தலை, குழவியைப் போல ஆழமான குழிக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் சுழலும். எளிதில் வெளியே வராது. தோளும் அதே வகைதான், ஆனால் அங்கே குழி ஆழமில்லை. சின்னத் தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல. அதனால்தான் கையை முதுகுக்குப் பின்னாலும் கொண்டுபோக முடிகிறது, அதனால்தான் தோள்பட்டை சட்டென்று இறங்கியும் விடுகிறது. முழங்கை, கதவுக் கீல்.

கழுத்தில் இருப்பது இன்னும் அழகு. பழைய தேக்குக் கதவுகளில் கீல் இருக்காது. கதவின் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, வாசற்காலின் குழியில் நின்று சுழலும். கழுத்தின் இரண்டாம் எலும்பிலிருந்து இதேபோல ஒரு குடுமி மேலே நீண்டிருக்கிறது. வளையம் போன்ற முதல் எலும்பு அதைச் சுற்றிச் சுழல்கிறது. "இல்லை" என்று தலையை இடம் வலமாக ஆட்டும்போது, கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் குடுமியில்தான் நடக்கிறது. "ஆமாம்" என்று மேலும் கீழும் ஆட்டுவது பெரும்பாலும் அதற்கு ஒரு படி மேலே, மண்டை ஓடும் முதல் எலும்பும் சேரும் இடத்தில்.

முட்டியைக் கீல் என்று சொல்லிவிடுவார்கள். அது முழுக் கீல் இல்லை. மடங்கும்போது கொஞ்சம் உருளும், வழுக்கும், திருகும். தொடை எலும்பின் இரண்டு உருண்டைகள், ஏறக்குறைய தட்டையான கீழ்க்கால் எலும்புத் தளத்தின்மேல் நிற்கின்றன. குழியும் கிடையாது. அதைப் பிடித்து நிறுத்துவது முழுக்கக் கயிறுகளும் தசைகளும்தான்.

முட்டிக்குள்ளே

'ஜவ்வு' என்ற சொல்லைப் பிரித்துவிடுவோம். எலும்பை எலும்போடு கட்டும் உறுதியான பட்டை லிகமெண்ட். விளையாடும்போது கால் திருகி "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்றால் பெரும்பாலும் இதுவாக இருக்கும். அல்லது மெனிஸ்கஸாக இருக்கலாம்; இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் இரண்டு மெத்தைகள் அவை. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். குதிகாலுக்கு மேலே விரலால் தடவினால் கெட்டிக் கயிறாகத் தட்டுப்படுகிறதே, அது.

இனி கதையின் நாயகன், குருத்தெலும்பு. எலும்பு முனைகளின்மேல் மெழுகு பூசியது போல வழவழவென்று போர்த்தியிருக்கும் படலம். முட்டியில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம். கோழிக்காலின் முனையில் நீலம் கலந்த வெள்ளையாக மின்னுமே, அதேதான். ஒரு குருத்தெலும்பின்மேல் இன்னொன்று சறுக்கும்போது ஏற்படும் உராய்வு, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி சறுக்குவதைவிடக் குறைவு.

இதற்கு இரண்டு விசித்திரங்கள். ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது.

ரத்தம் வராவிட்டால் சாப்பாடு எப்படி வரும்? மூட்டைச் சுற்றிலும் ஒரு பை இருக்கிறது. அதன் உட்சுவர், முட்டையின் வெள்ளைக்கரு போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கிறது. நாம் பசை என்று சொல்லும் மூட்டுத் திரவம் இதுதான். ஆரோக்கியமான முட்டியில் இது ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் வைத்து அமுக்கி விட்டுப் பாருங்கள். அமுக்கும்போது அழுக்குத் தண்ணீர் வெளியேறும், விடும்போது நல்ல தண்ணீர் உள்ளே போகும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் குருத்தெலும்பு இப்படித்தான் அமுங்கி விரிந்து, திரவத்திலிருந்து தன் உணவை எடுத்துக்கொள்கிறது. நடக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. அம்மா நடையை நிறுத்தியபோது நடந்ததும் இதுதான்.

எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. ஒரு வயதுக் குழந்தையின் முட்டியை எடுத்தால் முட்டிச்சில்லே படத்தில் இருக்காது, ஏனென்றால் அந்த வயதில் அது முழுக்கக் குருத்தெலும்பு. பெரியவர்கள் படத்தில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே ஒரு கருப்பு இடைவெளி தெரியும். அது காலி இடம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குருத்தெலும்பும் மெனிஸ்கஸும் அங்கேதான் இருக்கின்றன. இடைவெளி குறுகினால் அவை மெலிந்துவிட்டன என்று பொருள். "தேய்மானம்" என்று டாக்டர் சொன்னது இந்தக் குறுகலைத்தான். மருத்துவத்தில் இதற்கு ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். தமிழில் மூட்டுத் தேய்மானம் என்றாவது சொல்லலாம். எலும்பு தேய்மானம் என்று சொன்னால் விஷயம் தலைகீழாகிவிடுகிறது.

ஏன் தலைகீழ்? இந்த நோயில் எலும்பு கூடுகிறது. மேலே மெத்தை மெலிந்ததும் அடியில் இருக்கும் எலும்பு அதிக பாரத்தை உணர்ந்து கெட்டியாகிறது. எக்ஸ்ரேயில் அந்த விளிம்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஓரங்களில் முள் போல எலும்பு வளர்கிறது. கால்சியம் மாத்திரை இங்கே ஒன்றும் செய்யாது. பசை வற்றுகிறது என்பதும் பாதிதான் சரி. திரவத்தின் வழவழப்பு குறைகிறது. அளவு பல சமயம் கூடி, முட்டி நீர் கோத்து வீங்குகிறது.

சைக்கிள் டயர் போல ஓடி ஓடித் தேய்ந்தது என்பதும் முழு உண்மை இல்லை. மூட்டுப் பையில் ஏற்படும் அழற்சி, பழைய காயம், உடல் எடை, குடும்பத்தில் வருவது, பலம் குறைந்த தொடைத் தசை எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. அளவாக ஓடுகிறவர்களுக்கு ஓடாதவர்களைவிட இது அதிகம் வருவதில்லை. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்பதால் வலி அங்கிருந்து வருவதும் இல்லை. அடியில் உள்ள எலும்பும் மூட்டுப் பையும் சுற்றுப்புறமும்தான் வலிக்கின்றன. அதனால்தான் படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு ஒருவர் சபரிமலை ஏறி இறங்குகிறார், லேசான குறுகல் உள்ள இன்னொருவர் தரையில் உட்கார முடியாமல் தவிக்கிறார்.

அப்போ சொடக்கு எடுத்தால்?

பேரப்பிள்ளைக்குத் திருஷ்டி கழித்துப் பாட்டிகள் நெட்டி முறிப்பார்களே, அந்தச் சத்தம் எலும்பு உரசுவதால் வருவதில்லை. விரல் மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருக்கும் வாயுவால் ஒரு குமிழி உண்டாகிறது. மறுபடி சொடக்கு விழச் சுமார் 20 நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பது இதனால்தான். டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையைச் சும்மா விட்டுப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டு நோய் வரவில்லை. ஒரே ஆளின் சோதனைதான், ஆனாலும் அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. வலியோ வீக்கமோ இல்லாமல் முட்டியில் கேட்கும் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை.

வேறு சில மூட்டு வலிகள்

இரண்டு கை விரல்களும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் விடாமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுப் பையைத் தாக்கும் நோய் அது. சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் மூட்டைக் காப்பாற்ற முடியும். கால் கட்டைவிரல் ராத்திரியில் திடீரென்று சிவந்து துடித்தால் யூரிக் அமிலம் காரணமாக இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சூடாகி வீங்கினால் உள்ளே கிருமி இருக்கக்கூடும். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் இரண்டாவது சுற்று

அம்மாவை அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனோம். அவர் ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்தார். "அந்தத் துண்டை முட்டியால அமுக்குங்கம்மா, அஞ்சு எண்ணுற வரைக்கும்" என்றார். அம்மா அமுக்கினார். தொடையின் முன்தசை இறுகி எழும்புவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. "இந்தத் தசைதாம்மா உங்க முட்டியோட முதல் மெத்தை. இது பலமா இருந்தா உள்ள இருக்கறதுக்கு வேலை குறையும்." தினம் இரண்டு வேளை அது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, நடை முதலில் பத்து நிமிடம். எடையையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறையும் என்ற கணக்கைக் கேட்டதும் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

மூன்று மாதத்தில் கைப்பிடி இல்லாமல் மாடிக்குப் போனார். வலி முழுசாகப் போகவில்லை. மழைக்காலத்தில் இன்னும் முனகுவார். டெக்ஸா ஸ்கேனும் எடுத்தோம். எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அதற்குக் கால்சியமும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்தார்கள். பழைய மாத்திரைதான், இந்த முறை எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியும்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா எக்ஸ்ரே உறையோடு வந்து, "எலும்பு தேய்மானமாம்மா" என்று திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா படத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருந்த கருப்புக் கோட்டை விரலால் காட்டினார். "எலும்பு நல்லாத்தான் இருக்கு. இங்க பாரு, இந்தச் சந்துதான் குறைஞ்சிருக்கு."